ஜாடியின் கழுத்துச் சீட்டு

ஹார்லன் கிரீக், ஒஹாயோ
1996 ஜூன் 24

அன்புள்ள கொரின்,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் முழங்கை வரை கட்டு.

எங்கள் மகள் லிடியாவின் கல்யாணத்துக்குக் கோடை வகுப்பு என்று நீ வராமல் போனதே நல்லதாகப் போயிற்று. உன் அண்ணனின் பரங்கிக்காய் ஒயினைச் சின்னச் சின்ன சோடா பாட்டில்களில் அடைத்து, தகர மூடி போட்டு, விருந்தாளிக்கு ஒன்று என்று பெயர் எழுதிக் கட்டி வைத்திருந்தோம். நூற்று நான்கு பாட்டில். விருந்து நடந்த களஞ்சியத்துக்குள் அன்று அடுப்புக்குள் நிற்பது போல வெக்கை. பாதிரியார் ஜெபம் முடித்து ஆமென் என்றதும் ஒரு பாட்டில் வெடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவதுக்கும் சிரித்தார்கள். மூன்றாவது, நான்காவது என்று வரிசையாக வெடிக்க ஆரம்பித்ததும் மேஜைக்கு அடியில் ஒளிந்தார்கள். லிடியாவின் முன்னால் ஒரு கூடை நிறைய இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். வாசலைத் தாண்டவில்லை.

மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போகிற நரம்பு அறுந்துவிட்டது. தைத்திருக்கிறார்கள். மடங்குமா என்று கேட்டால் டாக்டர் ஜன்னலைப் பார்க்கிறார். முப்பத்தொரு வருஷமாகத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த கை.

அது கிடக்கட்டும். நூறு பேர் முன்னால் உன் அண்ணன் கிளெய்ட்டன் கத்தினார்: "ஒரே ஒரு வேலைதானே சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், வெர்னா! அதைக்கூடப் பாத்துச் செய்ய முடியலையா?" இப்போது ஊரே அதைச் சொல்லிச் சிரிக்கிறது. நேற்று இரும்புக் கடைக்காரன், "வெர்னாக்கா, உங்க வீட்டுக்கு வர்றதுன்னா ஹெல்மெட் போட்டுக்கணுமா?" என்கிறான்.

நீ வேதியியல் படித்தவள், கல்லூரியில் கற்றுக்கொடுக்கிறவள். பிப்ரவரியில் அவருக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்தபோது, நான் அவரோடு ஆஸ்பத்திரியில் தங்கியிருக்க, பத்து நாள் இந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவளும் நீதான். ஜாடிகளை நீயும் பார்த்தாய். அவருடைய சட்டம் உனக்குத் தெரியும்: ஜாடிக்குள் எது போனாலும் கழுத்தில் கட்டியிருக்கும் சீட்டில் தேதி, அளவு, பெயர் எழுத வேண்டும். சீட்டில் இல்லாதது ஜாடியில் இல்லை. ஜனவரி 9, மிதவை 0.996, சர்க்கரை துளியும் மிச்சமில்லை, முடிந்தது. அதுதான் கடைசி வரி. அதை நம்பித்தான் மார்ச் 16 அன்று பாட்டிலில் அடைத்தேன்.

நான் எங்கே தப்புப் பண்ணினேன்? உனக்குத் தெரிந்ததை மறைக்காமல் எழுது.

வெர்னா


மினியாபொலிஸ்
1996 ஜூலை 1

(மேல் ஓரத்தில் பென்சிலில்: அனுப்பவில்லை)

அன்புள்ள அண்ணி,

நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. செய்தவள் நான்.

பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. வெளியே பனி. வீட்டில் தனியாக இருந்தேன். நிலவறைக்குப் போய் இரண்டு ஜாடியிலிருந்தும் ஒரு மடக்கு எடுத்துக் குடித்துப் பார்த்தேன். பரங்கி வேகவைத்த தண்ணீரில் காகிதத்தை ஊறவைத்தது போல இருந்தது. அண்ணன் எப்போதும் செய்கிற காரியம்தான்: பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் முதல் வாரமே, பொங்கி நுரைக்கும்போதே போட்டுவிடுவார். நுரையோடு வாசனையும் போய்விடும். போன வருஷக் கண்காட்சியில் நடுவர் எழுதிக் கொடுத்த "சுவை மெலிவு" என்ற காகிதத்தை அவர் அலமாரிக்குள் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மகள் கல்யாணத்தில் நூறு பேர் இதைக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு கிளெய்ட்டன்" என்று தரையைப் பார்க்கப் போகிறார்களே என்று நினைத்தேன்.

சமையலறையில் பழுப்புச் சர்க்கரை இருந்தது. நான்கு பவுண்டைப் பாகாகக் காய்ச்சினேன். பட்டை, கிராம்பு, சுக்கு, ஜாதிக்காய், ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் மெல்லிய துணியில் முடிந்து அதில் கொதிக்கவிட்டேன். ஆறியதும் இரண்டு ஜாடியிலும் பாதிப் பாதி ஊற்றினேன். அரைமணி கழித்து ருசி பார்த்தேன். அண்ணி, அது வேறு ஒயினாக இருந்தது. எனக்குக் கர்வமாக இருந்தது.

பிறகு சீட்டைக் கையில் எடுத்தேன். பென்சிலையும் எடுத்தேன்


மினியாபொலிஸ்
1996 ஜூலை 3

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் படித்து மிகவும் வருந்தினேன். கையை அசைக்காமல் ஓய்வெடுங்கள்.

இப்படி நடப்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நொதித்தல் முடிந்துவிட்டது போலத் தோன்றினாலும் குளிர்ந்த நிலவறையில் ஈஸ்ட் உறங்கிக்கொண்டிருக்கும். வெக்கை பட்டதும் விழித்துக்கொள்ளும். சோடா பாட்டிலின் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்திருக்கலாம். பாட்டிலே இல்லாதபோது எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எப்படியானாலும் இதற்கு நீங்கள் பொறுப்பு என்று சொல்வதற்கில்லை.

அண்ணனிடம் என் அன்பைச் சொல்லுங்கள். கைக்கு ஒரு ரப்பர் பந்து அனுப்பியிருக்கிறேன். கட்டுப் பிரித்த பிறகு அழுத்திப் பழகலாம்.

கொரின்


ஹார்லன் கிரீக்
1996 ஜூலை 19

அன்புள்ள கொரின்,

பந்து வந்தது. நாய் எடுத்துக்கொண்டது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "சொல்வதற்கில்லை", "இருக்கலாம்" என்றே இருக்கிறது. உன்னிடம் படிக்கிற பிள்ளைகள் பாவம். உன்மேல் குற்றமில்லை, நானும் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லையே. யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

மார்ச் 16 அன்று பாட்டிலில் அடைப்பதற்கு முன் நான் சர்க்கரை அளக்கும் மிதவையை விட்டுப் பார்த்தேன். 1.014 காட்டியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 1.014. அடுத்த ஜாடியிலும் அதே. சீட்டிலோ 0.996. நடுவில் எதுவும் சேர்த்ததாக ஒரு வரி இல்லை. தீர்ந்துபோன சர்க்கரை ஜாடிக்குள் தானாக முளைக்குமா? என் கண்ணை நம்புவதா, கிளெய்ட்டன் கையெழுத்தை நம்புவதா? என் அம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அறுபத்தொரு வயதில் ஆரம்பித்தது அவளுக்கு மறதி நோய். முதலில் எண்கள்தான் போயின. பேருந்து நம்பரை மாற்றி மாற்றிப் படிப்பாள். எனக்கு இப்போது ஐம்பத்தொன்பது.

பயந்துபோய், சீட்டில் நான் பார்த்ததை எழுதாமல், 0.996 என்றே எழுதினேன்.

ருசியும் பார்த்தேன். முப்பது வருஷமாக அந்த ஒயினைக் குடித்துவிட்டு "நல்லா இருக்கு" என்று பொய் சொல்லியிருக்கிறேன். அன்று ஒரு நாள் பொய் சொல்லத் தேவையில்லாமல் இருந்தது. இனிப்பு, கிராம்பு, ஆரஞ்சு. நாக்கும் சேர்ந்து கெட்டுவிட்டதென்று நினைத்தேன். மாத்திரை தின்று தின்று வாய் கசந்துபோய்க் கிடந்த உன் அண்ணனுக்கு ஒரு கரண்டி கொடுத்தேன். "பாத்தியா, எதையும் சேக்காம பொறுமையா விட்டா ருசி தன்னால வரும். உன் நாத்தனார் படிச்ச படிப்புக்கு இது தெரியாது" என்றார்.

இப்போது அவர் கத்துவதில்லை, அம்மாவின் நோய் எனக்கும் வந்துவிட்டதென்று பயப்படுகிறார். கத்தினால்கூடத் தேவலை. எரிவாயு அடுப்பின் நான்கு திருகுகளையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிகிறார். "உன் நல்லதுக்குத்தான் வெர்னா" என்கிறார். காபி வேண்டுமென்றால் அவர் பின்னால் போய் நிற்க வேண்டும். ஆர்கன் மாடியின் சாவியைப் போன ஞாயிறு திருப்பிக் கொடுத்துவிட்டேன். வலது கை இல்லாவிட்டாலும் இடது கையும் காலுமாகச் சமாளிக்கலாம் என்றிருந்தேன். தலை போன பிறகு என்ன வாசிப்பது?

ஆகஸ்ட் 20 அன்று கொலம்பஸில் ஒரு டாக்டர் ஞாபகத்தைச் சோதிக்கிறாராம். கடிகாரம் வரையச் சொல்வார்களாம். சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துத் தினமும் இடது கையால் வரைந்து பழகுகிறேன். வட்டம் வரவே மாட்டேன் என்கிறது.

வெர்னா


மினியாபொலிஸ்
1996 ஜூலை 27

அண்ணி,

கடிகாரம் வரைவதை நிறுத்துங்கள். நீங்கள் பார்த்தது 1.014தான்.

கணக்குப் போட்டுவிட்டேன். இரண்டு ஜாடி, பத்து காலன், நான்கு பவுண்டு சர்க்கரை. அது மிதவையைப் பதினெட்டுப் புள்ளி ஏற்றும். அதாவது 0.018. அதை 0.996உடன் கூட்டுங்கள். உங்கள் கண் சரி, மிதவை சரி, நாக்கு சரி. பொய் சொன்னது சீட்டு. அதைப் பொய்யாக்கியவள் நான்.

ஜூலை 1 அன்று எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள். அது பாதியில் நிற்கும். மீதி இது.

பென்சிலை எடுத்தேன் என்று எழுதியிருக்கிறேன். எடுத்தேன், எழுதவில்லை. எழுதினால் அண்ணன் ஊன்றுகோலோடு இறங்கி வந்து முதலில் படிப்பது அதைத்தான். "என் ஒயின் உன் காலேஜ் நாக்குக்கு ஆகலையோ?" என்பார். அந்தப் பேச்சு வேண்டாம் என்றிருந்தது. அதைவிடக் கேவலமான காரணம் ஒன்றும் உண்டு. அவர் குடித்துவிட்டுத் தன் கைப்பக்குவம் என்று பெருமைப்படுவார், அது யார் கை என்று எனக்கு மட்டும் தெரியும். அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது.

அலமாரியில் ஈஸ்ட்டை அடக்கும் பொடி இருந்தது. இனிப்புச் சேர்த்தால் அதைப் போட்டே ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அண்ணன் அந்தப் புட்டியில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தார். ஒரு கரண்டி எடுத்தாலும் கோட்டுக்குக் கீழே போய்விடும், கண்டுபிடித்துவிடுவார். அதனால் போடவில்லை. ஒரு மாதமாக அசையாத ஈஸ்ட் செத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மாணவன் அப்படி எழுதினால் சுழியம் போட்டிருப்பேன். எழுதாத சோதனை நடக்காத சோதனை என்று ஒவ்வொரு செப்டம்பரும் முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான்.

கல்யாணத்துக்கு வராமல் இருந்ததற்குக் காரணம் கோடை வகுப்பு மட்டுமல்ல. எல்லோரும் அந்த ஒயினைப் புகழும்போது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற கவலையும் ஒன்று. அது வெடிக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் கையை நினைக்காமல் ஒரு வேளை சாப்பாடு இறங்கவில்லை. இதைச் சொல்வதுகூட என்மேல் இரக்கம் கேட்பது போல இருக்கிறது. இந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள். தேவாலயத்தில் யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். நான் அடுத்த வாரம் புறப்பட்டு வருகிறேன்.

கொரின்


ஹார்லன் கிரீக்
1996 ஆகஸ்ட் 9

கொரின்,

வராதே. நீ வந்தால் நான் உனக்குச் சாப்பாடு போடுவேன். போட்டுவிட்டால் மன்னித்தது மாதிரி ஆகிவிடும்.

உன் கடிதத்தைப் படித்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வந்தது கோபம் இல்லை. தலை நன்றாக இருக்கிறது, தலை நன்றாக இருக்கிறது என்று சத்தம் போட்டே சொன்னேன். நாய் ஓடிவந்தது. அப்புறம்தான் ஜூலை 3 கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "கண்ணாடியில் கீறல் இருந்திருக்கலாம்." நீ அதை எழுதிய அன்று நான் கட்டோடு உட்கார்ந்து, மார்ச் 16 அன்று என்ன சாப்பிட்டேன், எந்த உடுப்புப் போட்டேன் என்று எனக்கு நானே பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன். கை போனது விபத்து. நீ சர்க்கரை போட்டபோது என் கையை நினைத்தா போட்டாய்? ஆனால் அந்த மூன்றாம் தேதிக் கடிதத்தைத் தெரிந்தே எழுதினாய். அதை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இதைக் கேள். உன் அண்ணனுக்கு இரண்டு கடிதத்தையும் படித்துக் காட்டினேன். கண் கலங்கிவிட்டது. "கொரின் நல்லவ. உன்னைத் தேத்துறதுக்காகப் பழியைத் தன் தலையில எடுத்துப் போட்டுக்கிறா பாரு" என்றார்.

"பழியா? அவதான் செஞ்சேன்னு எழுதியிருக்காளே!"

"அவ எப்படிச் செய்வா? வாத்தியாரம்மா. பாகு ஊத்திட்டுப் பொடி போடாம விடுவாளா? செஞ்சிருந்தா சீட்டுல எழுதியிருப்பா. சீட்டுல இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? டாக்டர்கிட்ட எதுக்கும் போய் வந்துருவோம்."

பார்த்தாயா? நீ அவ்வளவு யோக்கியமானவள், உன் குற்றத்தை ஒத்துக்கொண்டாலும் எடுபடவில்லை. தேவாலயத்திலும் இதே கதைதான். "உங்க நாத்தனாருக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்று இரண்டு பேர் என் தோளைத் தட்டினார்கள்.

அடுப்புத் திருகுகள் இன்னும் அவர் பையில்தான் இருக்கின்றன.

அதனால் சீட்டை அறுத்து இதோடு அனுப்புகிறேன். ஜனவரி 9க்கும் மார்ச் 16க்கும் நடுவே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. உன் கையால் எழுது. செய்தவளுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்று இருந்தால் அதையும் எழுது.

வெர்னா


மினியாபொலிஸ்
1996 ஆகஸ்ட் 14

அண்ணி,

சீட்டை எழுதிவிட்டேன். ஆறு மாதம் தாமதமாக. இடம் போதாமல் பின்பக்கமும் போயிருக்கிறது:

"பிப்ரவரி 11. இரண்டு ஜாடியிலும். பழுப்புச் சர்க்கரை 4 பவுண்டு, பாகாக. பட்டை 4 துண்டு, ஜாதிக்காய் பாதி, சுக்கு ஒரு விரல் நீளம், ஒரு ஆரஞ்சின் தோல், கிராம்பு கொஞ்சம். அடக்கும் பொடி போடவில்லை. யாரையும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. கொரின்."

செய்தவளுக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. மசாலா முடிந்த துணியைக் குப்பையில் போட்டால் மணம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, நிலவறைப் படிக்குப் பின்னால் இருக்கும் பழைய நிலக்கரித் தொட்டிக்குள் எறிந்தேன். யாரும் எடுத்திருக்கமாட்டார்கள். அண்ணனைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். 20ஆம் தேதிக்கு முன்னால்.

மூன்றாம் தேதிக் கடிதத்தைத் தெரிந்தேதான் எழுதினேன். பயந்தேன். அதற்கு மேல் எதைச் சொன்னாலும் ஜோடனையாகிவிடும்.

வராதே என்றீர்கள். வரவில்லை.

கொரின்


ஹார்லன் கிரீக்
1996 அக்டோபர் 6

கொரின்,

இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

உன் சீட்டு வந்த அன்று கிளெய்ட்டன் அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் படித்தார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். படிக்குப் பின்னால் உருட்டுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்து முட்டியெல்லாம் கரியாக ஏறி வந்தார். கையில் அந்தத் துணி முடிச்சு, காய்ந்து கல்லாகிப்போயிருந்தது. மேஜையில் வைத்து அவிழ்த்தார். பட்டை நான்கு துண்டு. பாதி ஜாதிக்காய். சமையலறை முழுக்கக் கல்யாண நாள் மணம்.

"பொடிப் புட்டியில கோடு போடாம இருந்திருந்தா போட்டிருப்பாளோ?" என்றார்.

"என்னைக் கேட்டா? அவளைக் கேளுங்க."

"நான் அவளைக் காலேஜ் நாக்குன்னு ரொம்பத்தான் கேலி பண்ணிட்டேன்."

"அதுக்காக வெடிகுண்டா செய்வாங்க?" என்றேன். சிரிக்கப் போனவர் என் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை என் தட்டுக்குப் பக்கத்தில், கரண்டிக்கும் கத்திக்கும் நடுவில், நான்கு அடுப்புத் திருகு. கொலம்பஸ் டாக்டருக்கு அவரே போன் போட்டு வேண்டாம் என்றார்.

சீட்டை நான் தேவாலய அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டேன், அறுவடை விருந்துப் பட்டியலுக்குப் பக்கத்தில். உனக்குச் சங்கடமாக இருந்தால் இருக்கட்டும். ஊர் படித்தது. இரும்புக் கடைக்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் படித்தான். இரண்டாவது ஞாயிறு பார்த்தால் அதில் ஒரு வரி கூடியிருக்கிறது. மார்ச் 16 என்று நான் எழுதியிருந்த 0.996 மேல் கோடு போட்டு, கீழே கிளெய்ட்டனின் கையெழுத்தில்: "வெர்னா பார்த்தது 1.014. சரியாகப் பார்த்தாள்." தேதி, பெயர், எல்லாம் சட்டப்படி. என்னிடம் வாயால் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இனி கேட்கவும் மாட்டார். அது போதும்.

விரல் இரண்டும் மடங்கவில்லை. மடங்காது என்று இப்போது டாக்டர் என்னைப் பார்த்தே சொல்கிறார். மாடிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். மூன்று விரல், இடது கை, இரண்டு கால். மெதுவான பாட்டாகத் தேர்ந்தெடுக்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. கேட்காதது நல்லது. சில நாள் மன்னித்துவிட்டது போல இருக்கிறது. பாட்டில் மூடியைத் திறக்கும்போது இல்லை.

இந்த வருஷப் பரங்கி அடுப்பில் இருக்கிறது. வேகவைக்காமல் சுட்டால் வாசனை நிற்குமாம், நானேதான் படித்தேன். மசாலாவை இந்த முறை முதல் வாரம் போடுவதில்லை, எல்லாம் அடங்கி முடிந்த பிறகுதான் என்று உன் அண்ணன் ஒத்துக்கொண்டுவிட்டார். பொடிப் புட்டியில் கோட்டை அழித்துவிட்டார். புதுச் சீட்டு கட்டியாயிற்று. பலகையிலிருந்து எடுத்து வந்த உன் பழைய சீட்டைப் பார்த்துப் பார்த்து அளவை எடுத்து எழுதிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். துணியில் இருந்தது நொறுங்கித் தூளாகிக் கிடக்கிறது, எண்ண முடியவில்லை.

வேதியியல் வாத்தியாரம்மா, "கொஞ்சம்" என்று எழுதியிருக்கிறாய். கிராம்பு எத்தனை?

வெர்னா